நிறுவன விசுவாசமா, நிறுவனப் பற்றா?

"இந்தத் தலைமுறைக்கு நிறுவன விசுவாசம் கிடையாது." மனிதவளத் துறையினரின் பேச்சிலும் வேலைவாய்ப்புப் பத்திகளிலும் இந்த வாக்கியம் ஓயாமல் வருகிறது. கருத்து சரியா தவறா என்பது பிறகு. 'லாயல்டி' என்பதை 'விசுவாசம்' என்று பெயர்த்தபோதே தீர்ப்பில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

'லாயல்டி'யின் வேர், சட்டத்தைக் குறிக்கும் லத்தீன் 'லெக்ஸ்'. பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. முறைப்படி நடத்தல் என்பது அடிப்பொருள். 'விசுவாசம்' வடசொல். மூச்சைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, அச்சமின்றி மூச்சுவிடுதல், நம்பியிருத்தல் என்றாயிற்று. இந்தியிலும் மலையாளத்திலும் இன்றும் அதற்கு நம்பிக்கை என்றே பொருள். தமிழ்க் கிறித்தவர்கள் 'விசுவாசி' என்பதும் அந்தப் பொருளில்தான். அவ்வழக்கில் எந்தக் குறையும் இல்லை.

மற்ற இடங்களில் சொல் தாழ்ந்துவிட்டது. எசமான விசுவாசம், ராஜ விசுவாசம், தலைவரின் தீவிர விசுவாசி என்றுதான் புழங்குகிறோம். வளர்ப்பு நாயைப் புகழவும் இதே சொல்தான். முதலாளி தொழிலாளிக்கு விசுவாசமாக இருந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் காட்ட வேண்டியது என்பது சொல்லுக்குள்ளேயே ஏறிவிட்டது. இருவர் கையெழுத்திட்ட வேலை உறவுக்கு இது எப்படிப் பொருந்தும்?

வடசொல் வேண்டாம் என்பவர்கள் சிலர் 'செஞ்சோற்றுக்கடன்' என்கிறார்கள். இதை நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன். அழகான சொல், கர்ணனையும் கும்பகர்ணனையும் நினைத்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் அது சோறிட்டவனுக்காகப் போர்க்களத்தில் உயிரைக் கொடுக்கும் கடன். சம்பளம் யாரும் இட்ட சோறு இல்லை. மாதம் முழுவதும் உழைத்து முடித்த பிறகுதான் அது கைக்கு வருகிறது. அந்த முப்பது நாளும் கடன்பட்டிருப்பது நிறுவனம்தான். ஊதியத்தைச் சோறாக்கினால் உரிமை பிச்சையாகிவிடும். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது விருந்தோம்பலுக்குச் சொன்னது; அதைப் பணி ஆணையில் ஒட்டக்கூடாது. ஓய்வூதியம் அரசின் மனமுவந்த கொடை அல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற அதிகாரி நகரா தொடுத்த வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. அந்த நாளை ஓய்வூதியர் நாளாகவே கொண்டாடுகிறார்கள். சட்டம் கைவிட்ட கருத்தைத் தமிழாக்கம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

எனக்குச் சரியென்று படுவது 'பற்று'. நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்று எல்லோர் வாயிலும் ஏற்கெனவே உள்ள சொல். மொழி விசுவாசம் என்று யாராவது சொல்கிறார்களா? பற்று தானாக வருவது, விட்டும் போவது. அதில் மேல் கீழ் இல்லை. நிறுவனப் பற்று வேறு, தொழிற்பற்று வேறு என்று பிரித்துச் சொல்லவும் இது இடம் தருகிறது. தலைமுறைகளைப் பற்றிப் பேச இந்தப் பிரிவு மிகவும் தேவை. மூன்று ஆண்டில் மூன்று நிறுவனம் மாறிய பெண், இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து தன் கணினி நிரலைத் திருத்துகிறாள் என்றால் அவளிடம் தொழிற்பற்று நிறைய உண்டு. நிறுவனப் பற்றுதான் குறைவு. 'விசுவாசம் இல்லை' என்ற ஒரே அடியில் இரண்டையும் மறுத்துவிடுகிறோம்.

நிறுவனப் பற்று ஏன் குறைந்தது என்பதையும் இச்சொல்லால் நேராகக் கேட்கலாம். ஒரே இடத்தில் முப்பது ஆண்டு இருந்தவர்களில் அரசுப் பணியாளர்களுக்கு, கடைசிச் சம்பளத்தைக் கணக்கிட்டு, ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் காத்திருந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கும் மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கும் அந்த ஏற்பாட்டை நிறுத்தி, பணியாளரும் அரசும் சேர்ந்து பணம் செலுத்தும் பங்களிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தனியார் துறையில் ஒப்பந்த வேலை பெருகியது. இருந்தால் கிடைக்கும் என்ற உறுதியை எடுத்துவிட்டு, இருக்கவில்லையே என்று குறைசொல்வது நியாயமில்லை. தந்தையர் தலைமுறை உயர்ந்த குணத்தால் மட்டும் தங்கிவிடவில்லை. தங்குவதற்குக் காரணம் இருந்தது.

வள்ளுவர் இதில் நம்மைவிடத் தெளிவு. 'வினைக்கண் வினையுடையான் கேண்மைவே றாக நினைப்பானை நீங்கும் திரு' என்கிறது 519ஆம் குறள். கருத்தாக வேலை செய்பவனின் உறவைச் சந்தேகிப்பவனை விட்டுச் செல்வம் போய்விடும். ஆள்பவனுக்கும் பணி செய்பவனுக்கும் இடையில் அவர் வைத்த சொல் கேண்மை, அதாவது நட்பு. அதை அலுவலகத் தமிழுக்கு மீட்பது கடினம். ஆனால் குறளின் எச்சரிக்கை வேலை கொடுத்தவருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான்: அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் நிரப்புகிறார்கள். 2022இல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ மென்பொருள் நிறுவனம் நீக்கியது. அங்கே கேள்வி ஒப்பந்தத்தை மீறினார்களா என்பது. 'ஒப்பந்த மீறல்' என்றால் ஆவணத்தை எடுத்துப் பார்த்து வாதிடலாம். 'விசுவாசமின்மை' என்றால் எதைக் காட்டி மறுப்பது? அரசமைப்பின் மீது எடுக்கும் உறுதிமொழிக்குப் 'பற்றுறுதி' போதும். ஒரே கடையில் திரும்பத் திரும்ப வாங்குபவர் வாடிக்கையாளர். 'வாடிக்கை' என்ற சொல்லிலேயே அந்தத் தொடர்ச்சி இருக்கிறது. அவருக்குத் தரும் தள்ளுபடி அட்டையை 'விசுவாச அட்டை' என்று அச்சிட வேண்டாம். வாடிக்கையாளர் அட்டை என்றே அச்சிடலாம்.