நாடி 92: நார்மல்தானா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் நாடி 92 என்று இருந்தால், பக்கத்திலேயே ‘நார்மல்’ என்று போட்டிருக்கும். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு வரை இயல்பு என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் போன வருடம் வரை 70-ஐ ஒட்டியே இருந்தவருக்கு இப்போது தினமும் 92 என்றால், ஏன் ஏறியது என்று பார்த்தாக வேண்டும். ரத்தசோகை, தைராய்டு அதிகம் சுரப்பது, ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை என்று காரணங்கள் பல. பல வருடச் சர்க்கரை நோயில் இதயத்துக்குப் போகும் நரம்புகள் கெட்டாலும் நாடி ஏறியே நிற்கும். இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

வழக்கமான எண் எது என்று தெரிய, காலையில் காபிக்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு எண்ணுங்கள். கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாகச் சற்றுத் தள்ளி உள்ள பள்ளத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். கட்டைவிரலால் பார்த்தால் அதன் துடிப்பே சேர்ந்து குழப்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலும் கணக்கில் நான்கு பிசகும். முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். அப்போதுதான் துடிப்பு சீராக வருகிறதா என்பதும் பிடிபடும்.

எண்ணைவிட டாக்டர்களான எங்களுக்கு முக்கியம் அந்தச் சீர்தான். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகி, விடும்போது குறைவது இயல்பு, இளவயதினரிடம் நன்றாகவே தெரியும். எந்த ஒழுங்கும் இல்லாமல் இரண்டு அடி, ஒரு இடைவெளி, படபடவென்று நாலு அடி என்று போனால் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். அது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் இதயத்தில் ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரை போகலாம். பிபி மெஷின் நாடி 78 என்று ஒரே எண்ணைக் காட்டி இதை மறைத்துவிடக்கூடும்.

சென்னை மே மாதத்தில் எல்லாருக்கும் நாடி கொஞ்சம் ஏறும். புழுக்கத்தில் வியர்வை காயாது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்கும். தண்ணீர் குறைந்தால் இன்னும் ஏறும். மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற, நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் இந்த ஏற்றம் சரியாகத் தெரியாது. எண் குறைகிறதே என்று அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் எது வந்தாலும் 108. அவை இல்லாமல் வந்து வந்து போகும் படபடப்பென்றால், அது இருக்கும்போதே பக்கத்து கிளினிக்கில் ஈசிஜி எடுத்துவிடுங்கள். நின்றபிறகு எடுத்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று நின்றதா, மெல்ல ஏறி மெல்ல இறங்கியதா என்பதையும் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.