நான்கு கோட்டில் நெருப்பு

ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கற்கும் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த, ஒவ்வொன்றும் ஒரு பொருள் தரும் எழுத்துகள் 80. நெருப்பும் அவற்றில் ஒன்று. கோடுகள் நான்குதான். பார்த்தால், காலை அகட்டி நிற்கும் ஆளின் இருபுறமும் ஒவ்வொரு பொறி பறப்பது போல இருக்கும். 'மனிதன்' எழுத்தை ஏற்கெனவே பழகியவர்கள் முதலில் ஆளைப் போட்டுவிட்டு அப்புறம் பொறி வைப்பார்கள். அது தவறு. இடப்பொறி, வலப்பொறி, அதன்பிறகே நடுவிலிருந்து இடப்பக்கம் இறங்கும் நீண்ட கோடு, கடைசியாக வலக்கோடு.

உண்மையில் அங்கே ஆளே கிடையாது. சீனாவின் ஷாங் அரச காலத்தில், 3,000 ஆண்டுகளுக்கு முன், மாட்டெலும்பிலும் ஆமையோட்டிலும் சூடு வைத்து, விழும் விரிசலைப் பார்த்துக் குறி சொன்னார்கள். அந்த எலும்புகளில் செதுக்கிய நெருப்பு, மேலெழும் தழலின் படம். 'மலை' எழுத்தோடு குழம்பும் அளவுக்கு அதே சாயல்.

தனியே நின்றால் இதை 'ஹி' என்று படிக்க வேண்டும். கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்த 'கா'. நெருப்பும் மலையும் சேர்ந்தால் 'கஸான்', அதாவது எரிமலை; தமிழும் அப்படியேதான் சொல்கிறது. பூவும் நெருப்பும் சேர்ந்தால் 'ஹனாபி', வாணவேடிக்கை. இங்கே 'ஹி' ஏன் 'பி' ஆனது? பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் பார்த்த நமக்கு இது புதிதா என்ன! செவ்வாய்க்கிழமை 'கயோபி'. செவ்வாய்க் கோளுக்கு அங்கே நெருப்பு விண்மீன் என்று பெயர். கிழமையும் கோளும் ஒன்றே என்பது நமக்கும் தெரிந்த கணக்கு.

இன்னொரு எழுத்தின் அடியில் போய் உட்காரும்போதுதான் ஆளே அடையாளம் தெரியாமல் போகிறது. நான்கு கோடும் வரிசையாக நான்கு புள்ளிகளாகிவிடும். வெப்பம், வேகவைத்தல் இரண்டிலும் அந்தப் புள்ளிகள் உண்டு. ஆனால் புள்ளி இருக்குமிடமெல்லாம் அடுப்பு எரிவதில்லை. 'மீன்' எழுத்தின் கீழே நான்கு புள்ளியைப் பார்த்து வறுவல் என்று நினைத்தால் ஏமாந்தோம், அது வால். குதிரைக்கு அவை கால்கள்.

எனக்குப் பிடித்தது 'ஹதகே', அதாவது புன்செய். சீன எழுத்தில் 'வயல்' பொதுச்சொல். ஜப்பானிலோ அது நெல்வயலைத்தான் குறித்தது. தண்ணீர் நிற்காத புன்செய்க்கு எழுத்து இல்லை. ஜப்பானியரே ஒன்றை உண்டாக்கினார்கள்: புதரை எரித்துத் திருத்திய நிலம் என்பதால், வயலின் இடப்பக்கம் ஒடுங்கிய ஒரு நெருப்பு. யாரும் எதையும் எரிக்காத இன்றைய முட்டைக்கோஸ் தோட்டத்துக்கும் அதே எழுத்துதான்.