ஒரே மீனுக்கு மூன்று குடும்பங்கள்

கடல் மீனை நிறத்தை மட்டும் நம்பி இனம் பிரித்தால் ஏமாந்துபோவோம். செத்த கொஞ்ச நேரத்திலேயே நிறம் மங்கத் தொடங்கிவிடும். உயிரோடு இருக்கும்போதும் சிக்கல்தான்: எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சுக்குக் கருநீல உடலில் வெள்ளை வளையங்கள், வளர்ந்ததும் வளையங்கள் போய் மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடும்.

அதனால்தான் மீனியலாளர்கள் எண்ணுகிறார்கள். முதுகுத் துடுப்பில் விறைப்பான முட்கள் எத்தனை, வளையும் கதிர்கள் எத்தனை, பக்கவாட்டுக் கோட்டில் செதில்கள் எத்தனை, முதல் செவுள் வளைவில் சீப்புப் பற்கள் எத்தனை? செத்த மீனிலும் இந்தக் கணக்கு மாறாது. பெரும்பாலான மீன்களுக்கு இதுவே போதும்.

போதாதபோது டிஎன்ஏ. துடுப்பிலோ தசையிலோ ஒரு துணுக்கு எடுத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் உள்ள சிஓஐ என்ற மரபணுவின் சுமார் 650 எழுத்துகளை பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கிப் படித்து, பெயர் தெரிந்த மீன்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். 2003-இல் பால் ஹெபர்ட் குழுவினர் முன்வைத்த இந்த முறைக்கு டிஎன்ஏ பார்கோடு என்று பெயர். 2005-இல் ஆஸ்திரேலியாவின் 207 மீனினங்களில் சோதித்தபோது, ஒரே இனத்துக்குள் வேறுபாடு சராசரியாக 0.39%; ஒரே பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, சேர்ந்த வெவ்வேறு இனங்களுக்கிடையே 9.93%. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் முறை பலிக்கிறது.

ஆழ்கடல் திமிங்கில மீன்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பெயர்தான் அப்படி, இவை திமிங்கிலங்கள் அல்ல, மீன்கள். அந்தக் குடும்பத்தில் (பேரினங்கள் பல சேர்ந்தது குடும்பம்) கிடைத்தவை எல்லாம் பெண் மீன்கள். பெருமூக்கு மீன்கள் என்ற இன்னொரு குடும்பத்தில் எல்லாம் ஆண்கள். நாடாவால் மீன்கள் என்ற மூன்றாவதிலோ முதிர்ந்த மீனே கிடையாது. மூன்றும் ஒரே குடும்பத்தின் பெண், ஆண், குஞ்சு என்று 2009-இல் உறுதியானது. டிஎன்ஏ ஒற்றுமையைக் காட்டியது. உருமாற்றத்தின் பாதியில் பிடிபட்ட மீன்களின் உடலமைப்பு அதை நிரூபித்தது. வளர்ந்த ஆண் சாப்பிடுவதே இல்லை, பெருத்த கல்லீரலில் சேர்ந்த சத்தில்தான் வாழ்கிறது!

பார்கோடுக்கும் எல்லை உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் வருவதால், கலப்பின மீனில் தந்தை யார் என்று சொல்லாது. சூரை மீன்களின் சில நெருங்கிய இனங்களில் வேறுபாடு மிகக் குறைவு. அதைவிட முக்கியம், தரவுத்தளத்தில் இருக்கும் பெயர் ஒரு மனிதர் மீனைப் பார்த்து வைத்தது. அவர் தவறினால் அந்தத் தவறு ஒப்பிடுபவர்களிடமெல்லாம் பரவும். ஆகவே முட்களை எண்ணத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதை நான் பெரிய இழப்பாகவே பார்க்கிறேன்.

சரி, சந்தேகம் வந்தால் எப்படித் திரும்பச் சரிபார்ப்பது? மாதிரி மீனையே பத்திரப்படுத்த வேண்டும். உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் என்ற திரவம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும் என்பதால், முதலில் துணுக்கை எடுத்து எத்தனாலில் போட்டுவிட்டு, அப்புறம்தான் உடலை ஃபார்மலினில் இடுவார்கள். துணுக்கை வலப்பக்கத்தில் எடுப்பது வழக்கம். இடப்பக்கம் படம் பிடிக்கவும் எண்ணவும் முழுசாக இருக்கும்.