ஒல்லியான தம்பிக்கு எதற்கு லிபிட் டெஸ்ட்?

முழங்கால் வலி என்று வந்த அக்காவுக்கு 84 கிலோ. துணைக்கு வந்த தம்பி கடலூர் முதுநகரிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். 58 கிலோ, ஒட்டின வயிறு. "அக்காவைக் கொஞ்சம் திட்டுங்க டாக்டர், வாயைக் கட்டவே மாட்டேங்குது" என்றுதான் ஆரம்பித்தார்.

அப்பா எப்படிப் போனார் என்று எல்லோரிடமும் கேட்பது என் வழக்கம். "44 வயசுல. தூங்கினவர் எழுந்திரிக்கல" என்றார் அக்கா. அதைக் கேட்டதும் இருவருக்குமே லிபிட் டெஸ்டுக்கு, அதாவது ரத்தக் கொழுப்பைப் பார்க்க, ரத்தம் எடுக்கச் சொன்னேன். "எனக்கு எதுக்கு?" என்று தம்பி சிரித்தார்.

கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறோமே, அந்த எல்டிஎல் அக்காவுக்கு 112. தம்பியுடையது 246. லேபில் குழாயை மாற்றிவிட்டார்களோ என்று மறுபடி எடுத்தோம், கிட்டத்தட்ட அதே அளவுதான். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். அதையும் பார்த்தோம், சரியாக இருந்தது. அப்புறம் அவர் காலைப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே தசைநாண் வடக்கயிறு மாதிரி தடித்திருந்தது. படகில் நின்று நின்று வந்தது என்று பல வருடமாக நினைத்திருக்கிறார். அது கொழுப்பு படிந்த தடிப்பு.

ஒரே அப்பா அம்மாதான். ஆனால் எடையில் கைவைக்கும் மரபணுக்கள் வேறு, எல்டிஎல்லைக் கையாளும் மரபணுக்கள் வேறு.

எடை விஷயத்தில் நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. அவற்றில் பெரிய ஆள், எஃப்டிஓ என்ற மரபணுவில் 2007-இல் தெரியவந்த மாறுபாடு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாறுபாட்டை வாங்கியவர்கள், வாங்காதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருக்கிறார்கள். அவ்வளவுதான். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் குடும்பங்களை ஆராய்ந்தபோது, 1942-க்கு முன் பிறந்தவர்களிடம் அதன் பாதிப்பே தெரியவில்லை. பின்னால் பிறந்தவர்களிடம்தான் தெரிந்தது. சாப்பாடும் உழைப்பும் மாறிய பிறகுதான் அந்த மரபணு எடையில் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அக்காவைத் திட்டவில்லை, "வம்சம்" என்று விட்டுவிடவும் இல்லை. மாலை நடைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது.

தம்பி கதை வேறு. ரத்தத்தில் மிதந்து வரும் எல்டிஎல்லை இறக்கிக்கொள்ள கல்லீரலில் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணு ஒரு பக்கம் பழுதானாலே போதும். துறைமுகத்தில் பாதி மேடை உடைந்தால் மீனோடு வந்த படகெல்லாம் முகத்துவாரத்தில் நிற்குமே, அப்படி எல்டிஎல் ரத்தத்தில் தேங்கிவிடும். உலகில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கிறது. மருந்தில்லாமல் விட்டால் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயத் தமனியில் அடைப்புப் பிரச்சினை வந்துவிடும்.

பண்ருட்டி முந்திரியை நிறுத்திவிடவா என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். தாவர உணவு எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அதைவிட, இவருக்குப் பத்தியம் மட்டும் போதாது. எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும். மூன்று மாதத்தில் எல்டிஎல் 118-க்கு வந்தது. "நார்மல் ஆயிடுச்சே, நிறுத்திடலாமா?" என்றார். மரபணு அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையை நிறுத்தினால் பழைய எண் திரும்பிவிடும் என்று விளக்க அரைமணி நேரம் ஆனது.

சங்கடமான பேச்சு அப்புறம்தான். தம்பி மகளை அக்கா மகனுக்கு என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். அக்காவிடம் இந்தக் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் பயம் குறைவு. ஆனால் சொந்தத்தில் கட்டும் இருவரிடமும் அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பக்கமும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு எல்டிஎல் 500-ஐத் தாண்டலாம், பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம். எல்டிஎல் 190-க்கு மேல் போனாலோ, குடும்பத்தில் ஆண் 55-க்கு முன், பெண் 65-க்கு முன் மாரடைப்பில் போயிருந்தாலோ, ஒல்லி குண்டு பார்க்காமல் வீட்டோடு வந்துவிடுங்கள், பிள்ளைகளையும் சேர்த்து.

தம்பியின் மகனுக்கு எல்டிஎல் 94. பதினோரு வயது மகளுக்கு 198; குழந்தைகள் நல மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நடுத் தம்பிக்கு வயது 39. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.