முத்திரையிட்ட கோப்பைத் திறக்கக் கேட்ட ஆசிரியர்

செய்தி மேசையில் வேலை செய்கிறவர்களிடம் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஊருக்கே தெரிந்த விஷயம், நீங்கள் ஏன் இன்னும் போடவில்லை?” அந்தக் கோபம் நியாயமானது. ஊருக்குத் தெரிந்த ஒன்று அச்சில் ஏறும்வரை செய்தி அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் வெளியே விளக்குவதே இல்லை. அதை விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று, அமெரிக்காவில் மூன்று பெரிய நாளிதழ்களுக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் பாரனின் பணிவாழ்க்கை.

புளோரிடா மாநிலத்தின் டாம்பாவில் பிறந்தவர். 1976இல் மயாமி ஹெரால்டில் நிருபராகச் சேர்ந்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், நியூயார்க் டைம்ஸ். 2000இல் மயாமி ஹெரால்டுக்கே தலைமை ஆசிரியராகத் திரும்பினார். கியூபச் சிறுவன் எலியான் கொன்சாலஸை அமெரிக்க மத்திய அரசின் காவலர்கள் விடியுமுன் உறவினர் வீட்டில் புகுந்து மீட்டுச் சென்ற செய்திக்காக அந்த நாளிதழ் 2001இல், அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு பெற்றது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் அவர் போஸ்டன் குளோப்புக்கு வந்தார். என் தொழிலில் இருப்பவர்கள் நின்று படிக்க வேண்டியது அவருடைய இந்த முதல் நாளைத்தான்.

பொறுப்பேற்பதற்கு முன்பு குளோப்பின் பத்தி எழுத்தாளர் ஐலீன் மெக்நமாரா எழுதிய கட்டுரை ஒன்றை அவர் படித்திருந்தார். ஜான் கேகன் என்ற பாதிரியார்மீது சிறார் பாலியல் வன்கொடுமை வழக்குகள் குவிந்திருந்தன. போஸ்டன் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கர்தினால் பெர்னார்டு லாவுக்கு இது முன்பே தெரியும் என்றார் பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர். திருச்சபைத் தரப்பு மறுத்தது. எது உண்மை என்பதைக் காட்டக்கூடிய ஆவணங்கள், பொதுமக்கள் பார்க்க முடியாதபடி நீதிமன்ற உத்தரவால் முத்திரையிடப்பட்டிருந்தன. முதல் நாள் காலைக் கூட்டத்தில் அன்றைய செய்திகளைப் பற்றி எல்லோரும் பேசி முடித்த பிறகு, இந்த வழக்கைப் பற்றி நாம் என்ன செய்கிறோம் என்று பாரன் கேட்டார். ஆவணங்கள் முத்திரையிடப்பட்டுள்ளன என்ற பதில் வந்தது. அப்படியானால் முத்திரையை நீக்கக் கோரி நாமே நீதிமன்றத்துக்குப் போகலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

அந்த அறையில் இருந்தவர்கள் திறமைசாலிகள். கேகன் வழக்கைப் பற்றிப் பல முறை எழுதியும் இருந்தார்கள். ஆனாலும் முத்திரை என்பதை அவர்கள் எல்லையாக எடுத்துக்கொண்டார்கள், புதிதாக வந்தவரோ அதை ஒரு மனுவால் கேட்டுப் பார்க்கக்கூடிய விஷயமாகப் பார்த்தார். கத்தோலிக்கர்கள் நிறைந்த போஸ்டனில் அவர் யூதர், அந்நகரில் வளர்ந்தவரும் அல்ல. வெளியூர்க்காரராக இருந்ததுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. அந்த மனு தோற்றிருக்கலாம், செலவு வீணாகியிருக்கலாம், நகரத்தின் மிகச் செல்வாக்கான நிறுவனத்தின் பகை மட்டும் மிஞ்சியிருக்கலாம். அதற்கும் துணிந்தவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஆகஸ்டில் குளோப் மனு தாக்கல் செய்தது. நவம்பரில் நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி ஆவணங்களைத் திறக்க உத்தரவிட்டார். போஸ்டன் பகுதித் திருச்சபையின் நிர்வாகமான உயர்மறைமாவட்டம் மேல்முறையீடு செய்து தோற்றது.

நாளிதழின் புலனாய்வுக் குழுவான ஸ்பாட்லைட் இன்னொரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது. வால்டர் ராபின்சன் தலைமையில் மைக்கேல் ரெசென்டிஸ், சாஷா ஃபைஃபர், மேட் கேரல் ஆகியோர் கொண்ட சிறிய குழு. உயர்மறைமாவட்டம் ஆண்டுதோறும் அச்சிடும் விவரநூல்களை எடுத்து, எந்தப் பாதிரியார் எந்த ஆண்டில் எந்தப் பங்கில் (தேவாலயப் பகுதியில்) இருந்தார், புகாருக்கு ஆளானவரை ஒதுக்கிவைத்ததற்கு அடையாளமாக இருக்கக்கூடிய ‘மருத்துவ விடுப்பு’, ‘பணி நியமனத்துக்குக் காத்திருப்பு’ போன்ற குறிப்புகள் யார் பெயருக்கு எதிரே இருக்கின்றன என்று வரிவரியாகக் கணினியில் ஏற்றினார்கள். எந்த நூலகத்திலும் எடுத்துப் பார்க்கக்கூடிய புத்தகங்கள் அவை. புலனாய்வு என்றால் இருட்டில் யாரையோ சந்தித்து உறை வாங்குவது என்று நினைப்பவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்: அதில் பெரும்பகுதி, எல்லோர் கண்முன்னும் கிடக்கும் தாள்களைப் பொறுமையாகப் படிப்பதுதான்.

2002 ஜனவரி 6 அன்று முதல் கட்டுரை வந்தது. சுமார் 30 ஆண்டுகளில் ஆறு பங்குகளுக்கு மாற்றப்பட்ட கேகன்மீது 130க்கும் மேற்பட்டவர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். அந்தக் கோப்புகளில் என்னை உலுக்கியவை இரண்டு கடிதங்கள். ஒன்று 1982இல் ஒரு பெண் எழுதியது. தன் உறவுக் குடும்பங்களைச் சேர்ந்த ஏழு சிறுவர்களுக்குக் கேகன் செய்ததைச் சொல்லி, அவர் இன்னும் பங்கில் இருக்கிறாரே என்று அப்போதைய கர்தினாலிடமே முறையிட்டிருந்தார். மற்றொன்று 1984 டிசம்பரில் துணை ஆயர் ஜான் டார்சி, கேகனின் முன்வரலாற்றைச் சுட்டி, வெஸ்டனில் உள்ள பங்குக்கு அவரை அனுப்பியது சரிதானா என்று கர்தினால் லாவுக்கு எழுதியது. அதன் பிறகும் கேகன் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

அந்தப் பெண் எழுதிய காலத்தில் அவருக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் அவர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால், 20 ஆண்டுகள் கழித்து ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற வாதத்தை உடைக்க ஒரு தாளும் இருந்திருக்காது.

பாரனின் இன்னொரு முடிவும் முக்கியமானது. ஒரு கொடியவரின் கதையாக இதை முடித்துவிடக் கூடாது, நிறுவனம் தெரிந்தே மூடி மறைத்ததா என்பதை நிறுவ வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஜனவரி முடிவதற்குள், பத்து ஆண்டுகளில் குறைந்தது 70 பாதிரியார்கள் தொடர்பான புகார்கள் ரகசியமாகப் பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்டதை குளோப் வெளியிட்டது. டிசம்பரில் கர்தினால் லா பதவி விலகினார். 2003இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு குளோப்புக்குக் கிடைத்தது.

2013இல் பாரன் வாஷிங்டன் போஸ்டின் தலைமை ஆசிரியரானார். அதே ஆண்டு ஜெஃப் பெசோஸ் அந்த நாளிதழை 25 கோடி டாலருக்கு வாங்கினார். அங்கே நடந்தவற்றில், கைப்பேசியில் வருவதையெல்லாம் அடுத்த நொடியே பகிர்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 2017 நவம்பர்.

அலபாமாவில் செனட் வேட்பாளராக நின்ற ராய் மூர், 1979இல் 32 வயதில், 14 வயதுச் சிறுமியிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டை போஸ்ட் வெளியிட்டது. மூர் மறுத்தார். அந்தச் செய்திக்காக நிருபர்கள் 30க்கும் மேற்பட்டவர்களிடம் பேசியிருந்தார்கள். தாய் வழக்கு விசாரணைக்காகச் சென்றிருந்த நீதிமன்ற வளாகத்தில்தான் மூர் தன்னிடம் முதலில் பேசினார் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். தாய் அன்று அங்கே இருந்தாரா என்பதைக்கூடப் பழைய விவாகரத்துப் பதிவேடுகளில் தேடி உறுதிசெய்தார்கள்.

சில நாட்களில் இன்னொரு பெண் தானாக வந்தார். பதின்வயதில் மூரால் கருவுற்றதாகச் சொன்னார். அதுவரை வந்ததைவிடப் பரபரப்பான குற்றச்சாட்டு. வேறு ஓர் ஊடகத்தில் அது மறுநாளே தலைப்பாகியிருக்கும். போஸ்ட் நிருபர்கள் சரிபார்த்தார்கள். அவர் வேலை செய்வதாகச் சொன்ன நிறுவனத்தில் அப்படி ஒருவர் இல்லை. அதே பெயரில் இணையத்தில் இருந்த நிதி திரட்டும் பக்கமோ, ஊடகங்களின் ‘பொய்களை’ எதிர்க்கும் வேலைக்காக நியூயார்க் போகப்போவதாகச் சொன்னது. நாளிதழைச் சிக்கவைக்கப் பின்னப்பட்ட நாடகம் அது. தனிப்பட்ட முறையில் சொல்லப்பட்டதை வெளியிடுவதில்லை என்ற உறுதி, நல்லெண்ணத்தோடு பேசுகிறவர்களுக்குத்தான் என்று முடிவுசெய்து, அந்த நாடகத்தையே போஸ்ட் செய்தியாக்கியது. பொய்ப்புகார் அச்சேறியிருந்தால் முதலில் பேசிய பெண்ணின் சொல்லும் அதனோடு சேர்ந்து அழிந்திருக்கும். ஆசிரியர்கள் தாமதிப்பது சில நேரங்களில் பாதிக்கப்பட்டவரைக் காப்பதற்காகவும்தான்.

எல்லாவற்றிலும் பாரனோடு நான் உடன்படுகிறேன் என்றில்லை. 2015இல் அமெரிக்காவில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஒவ்வொருவரையும் போஸ்ட் கணக்கெடுத்தது. எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கியது, மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பதிவுசெய்து வந்ததைப் போல இரு மடங்குக்கும் மேல். அந்தப் பணியில் முன்நின்ற கருப்பின நிருபர் வெஸ்லி லோவரி, சமூக ஊடகப் பதிவுகள் பற்றிய உரசலுக்குப் பிறகு 2020இல் வெளியேறினார். நிருபர் தன் கருத்தை அடக்கிக்கொண்டால்தான் செய்தி நம்பப்படும் என்பதில் பாரன் உறுதியாக இருந்தார். அந்த விதி எல்லோர்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை என்று லோவரி தரப்பு சொன்னதில் எனக்கு நியாயம் தெரிகிறது.

பாரன் 2021 பிப்ரவரியில் ஓய்வுபெற்றார். 2024 தேர்தலில் அதிபர் வேட்பாளர் எவரையும் ஆதரிக்கப்போவதில்லை என்று போஸ்ட் அறிவித்தபோது, அதைக் கோழைத்தனம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார்.

இனி, நம் ஊரில் ஒரு புகாரோடு நாளிதழ் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு. புகாரை எழுத்தில் கொடுங்கள், தேதி போடுங்கள், பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்குங்கள். காவல் நிலையம் என்றால் சி.எஸ்.ஆர். ரசீது, ஆட்சியர் அலுவலகம் என்றால் மனு எண், விரைவுத் தபால் என்றால் வழங்கியதற்கான ஒப்புகை. வழக்கு நடந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு செய்யுங்கள். தமிழ்நாடு அரசு அலுவலகக் கோப்பு என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனு போதும், 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். மறுத்தாலும் அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், எங்களுக்கு அதுவும் ஆவணம்தான். பாதிக்கப்பட்டது குழந்தையாக இருந்தால் பெயர், படம், பள்ளி என எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. எங்களிடம் வரும்போது நகல்களை மட்டும் கொடுங்கள். மூலத்தை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.