பெட்டியடி: இங்கே ‘அடி’ என்றால் என்ன?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஆச்சி மகன் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்), “அம்மான், பெட்டியடிப் பையன்னா பெட்டி செய்யிறவனா?” என்று கேட்டான். காரைக்குடியிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். இந்தச் செட்டிநாட்டுப் பையன்கள் எத்தனையோ பேர் கப்பலேறியதே அந்த வேலைக்குத்தான்.

இந்த ‘அடி’ அடிப்பது அல்ல. மரத்தடி, கிணற்றடி என்கிறோமே, அந்த அடி. ஒன்றை ஒட்டிய இடம். பெட்டி என்பது பணமும் கணக்கும் வைக்கிற மரக் கைப்பெட்டி. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் அதன் மேலேயே வைத்து எழுதலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்னும் கண்ணில் படும். பர்மா, மலேயா, சுமத்ரா என்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வட்டிக்கடை வைத்த ஊர்களில் அந்தப் பெட்டிதான் கடை. அதன் பக்கத்தில் இருந்து, ஏவின வேலையைச் செய்து, கணக்குப் பழகிய சிறுவன் பெட்டியடிப் பையன்.

அவனுக்கு மேலே அடுத்தாள். அவருக்கும் மேலே, கடைப் பொறுப்பு முழுவதும் உள்ள மேலாள். மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள். சொல்லும்போதே யார் யாருக்கு அடுத்து என்று கடைக்கூடம் கண்ணில் தெரிகிறது.

சிங்காரம் ‘குமாஸ்தா’ என்று எழுதியிருந்தால் நாற்காலியும் மேசையும் மாதச் சம்பளமும்தான் நினைவுக்கு வரும். பெட்டியடி என்னும்போது தரை தெரிகிறது, பையனின் வயது தெரிகிறது, நாளைக்கு அவனே அடுத்தாளாகி மேலாளாகலாம் என்பதும் தெரிகிறது. சிங்கம்புணரிக்காரரான அவர் 1938-இல், பதினெட்டு வயது வாக்கில், சுமத்ராவில் உள்ள மேடானுக்குப் பிழைக்கப் போனவர். அந்த உலகத்துக்குள்ளேயே இருந்தவருக்கு வேறு சொல் தேடவேண்டியிருந்திருக்காது.

சரி, இன்றைக்கு இதற்கு இணை எது? ‘காசாளர்’ பொருந்தாது, அது பொறுப்பான பதவி. ‘தொழில் பழகுநர்’ கிட்டத்தட்ட வரும், ஆனால் அதில் பெட்டியும் இல்லை, இடமும் இல்லை. என்னைக் கேட்டால், பையனுக்கு மாற்றுச் சொல்லே வேண்டாம். அந்த இடத்தைக் குறிக்க நாம் உருது வழி வந்த ‘கல்லா’வைச் சொல்கிறோமே, அதற்குத்தான் பெட்டியடி அசல் தமிழ். “கல்லாவில் உட்காரு” என்பதைப் “பெட்டியடியில் உட்காரு” என்று தாராளமாகச் சொல்லலாம்.