பயாஸ்: சாய்வா, ஓரமா, கோட்டமா?

'அந்தச் சேனல் ரொம்ப பயாஸ்டு' என்று பேச்சில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எழுத உட்கார்ந்தால்தான் அதற்குத் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது என்று கை தயங்குகிறது.

பயாஸ் (bias), பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலப்பொருள் சாய்வு. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பந்தை உருட்டி ஆடும் பௌல்ஸ் விளையாட்டில் அது புழங்கியது. அந்தப் பந்துக்கு ஒரு பக்கம் கனம் கூடுதல். நேராகத்தான் உருட்டுவார்கள், போகப்போக வளையும். அந்தக் கனத்துக்கும் வளைவுக்கும் பயாஸ் என்று பெயர். அப்புறம்தான் மனதின் சாய்வுக்கும் அது பெயரானது.

தமிழில் சார்பு என்பது மென்மையான சொல். கட்சிப் பத்திரிகை தன் கட்சியைச் சார்ந்திருப்பது ஊரறிந்தது, அதில் யாரும் ஏமாறுவதில்லை. பாரபட்சத்தில் காரம் அதிகம். அதிலுள்ள பட்சம் வடசொல், சிறகு என்றும் பக்கம் என்றும் பொருள். ஓரவஞ்சனை என்றால் வீட்டுச் சண்டை வாடை அடிக்கிறது.

ஆனால் அதில் ஒட்டியிருக்கும் 'ஓரம்' பழைய சரக்கு. மன்றோரம் சொன்னவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும், மூதேவி போய் வாழ்வாள் என்கிறது ஔவையாரின் நல்வழி. பக்கம் சாய்ந்து பேசியதற்கு இவ்வளவு சாபமா? மன்று என்பது ஊர் கூடி வழக்குக் கேட்ட இடம். அங்கே சாட்சி சாய்ந்தால் தீர்ப்பும் சாயும். மக்களாட்சியில் தீர்ப்புச் சொல்பவர் வாக்காளர், செய்தியாளர் சாட்சிதான். (விவாத மேடையில் தீர்ப்பையும் தாங்களே எழுதிவிடும் நெறியாளர்களுக்கு இது தெரிந்த மாதிரி இல்லை.)

எனக்குப் பிடித்த சொற்கள் குறளில், நடுவு நிலைமை அதிகாரத்தில் இருக்கின்றன: சொற்கோட்டம், உட்கோட்டம். கோடுதல் என்றால் வளைதல், அந்தப் பந்து வளைகிற மாதிரியே. சொல் வளைந்தால் சொற்கோட்டம், உள்ளம் வளைந்தால் உட்கோட்டம். 'கோப்பில் கையெழுத்திட்டதாக அமைச்சர் கூறினார்' என்ற வரியில் 'கூறினார்' போய் 'ஒப்புக்கொண்டார்' வந்தால் அமைச்சர் குற்றவாளி ஆகிவிடுகிறார். 'போலீஸ் சுட்டதில் மூவர் பலி' என்பது 'துப்பாக்கிச் சூட்டில் மூவர் பலி' ஆனால் சுட்டவர் காணாமல் போகிறார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஆனாலும் கோட்டம். உட்கோட்டத்தைப் பிடிப்பது இன்னும் கஷ்டம். வராத செய்தியில் எந்தச் சொல்லைக் குறைசொல்ல முடியும்? அதற்கு நம்மிடம் இருட்டடிப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது.

நடுநிலை என்பதையும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஆளுக்கு ஐந்து நிமிடம், முடிந்தது கதை. வள்ளுவர் காட்டும் துலாக்கோல் முதலில் சமனாக நிற்கும், பிறகு எடை பார்க்கும். கனமான தட்டு தாழத்தான் செய்யும். அதைத் தாழவிடாமல் கை கொடுத்தால் அதுவும் ஓரம்தான்.

சரி, எதை எழுதலாம்? 'ஊடகக் கோட்டம்' என்றால் ஏதோ நிர்வாகப் பிரிவு என்று நினைப்பார்கள். அதனால் பொதுப்பெயராக 'ஊடகச் சாய்வு' எழுதுகிறேன். தலைப்பிலோ வினைச்சொல்லிலோ வளைவு தெரிந்தால் 'சொற்கோட்டம்'.